காலனி ஸ்டாப்பில் நிற்காத பஸ்

ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் பணி அனுபவம் எழுதச் சொன்னால் இனிப்பாக எதையாவது எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் மலருக்காக என்னைக் கேட்ட தம்பியும் அப்படித்தான் கேட்டார். "புதுசா வேலைக்கு வந்தவங்க படிப்பாங்க மேடம். கொஞ்சம் உற்சாகமா எழுதிக் குடுங்க." சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அதையே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

செஞ்சியில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொருளியல் எடுத்தவள் நான். அரசியல் அறிவியலுக்கு ஆளே போடாததால் அதையும் நானே எடுத்தேன். உளவியல் என்பது பி.எட். படித்தபோது பரீட்சைக்காக உருப்போட்டது. இவை மூன்றும் தனித்தனிப் பாடங்கள் என்றுதான் உங்களைப் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம் பாடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்பதை இதற்குள் நீங்களே பார்த்திருப்பீர்கள். கணக்கு டீச்சர் லீவு போட்டால் பதறுவார்கள். நாம் லீவு போட்டால் அந்தப் பீரியடையும் கணக்குக்கே கொடுத்துவிடுவார்கள். அறிவியலில் இடம் கிடைக்காத பிள்ளைகளை நம்மிடம் அனுப்பி, "படிச்சா பாஸ் ஆயிடலாம், ஈஸி குரூப்பு" என்பார்கள். ஈஸி குரூப்! அந்த வார்த்தையைச் சொன்ன யாராவது ஒருவர் நம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாரா? ஒரு பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வி எங்கள் தலைமை ஆசிரியர் அறை வரை போலீஸைக் கூட்டி வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்று பதினொன்றாம் வகுப்பில் பொதுப் பண்டங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு எல்லாருக்கும் எரியும். காசு கொடுத்தவன் வரும்போது மட்டும் எரிந்து, கொடுக்காதவன் வரும்போது அணையாது. அதனால் தன் பங்கைக் கொடுக்காமல் பலனை மட்டும் அனுபவிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பொருளியலில் இலவசப் பயணி என்பார்கள் என்று சொல்லி, கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து மோனிஷா கேட்டாள். "அது நாங்கதான மிஸ்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தொண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அதிகம் பேசாதவள். அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

"நீங்கன்னா யாரு?" என்றேன்.

"பஸ் பாஸ் வெச்சிக்கினு வர்றவங்க. கண்டக்டர் அப்படித்தான் கூப்புடுவாரு. ஓசிங்கல்லாம் பின்னாடி போ, ஓசிங்கல்லாம் படிய வுட்டு ஏறுன்னு. இப்ப நீங்களும் அதத்தான எழுதிப் போட்டுக்கிறீங்க?"

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணி அடிக்க நேரம் நெருங்கிவிட்டது. பாடம் பாதி நிற்கிறது. "அது வேற, இது வேற, உக்காரு" என்று சொல்லிவிட்டு மேலே போவதுதான் வழக்கம். அப்படிப் போயிருந்தால் அந்தப் பெண் அன்றே ஒரு முடிவுக்கு வந்திருப்பாள், தான் ஓசி என்பது புத்தகத்திலேயே இருக்கிறது என்று. கண்டக்டர் சொன்னால் வசை. டீச்சர் சொன்னால் அது உண்மையாகிவிடும்.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "பஸ்ல வர்றவங்கல்லாம் கை தூக்குங்க" என்றேன். பாதி வகுப்புக்கு மேல் தூக்கியது. "யாருக்கெல்லாம் உக்கார சீட் கிடைக்குது?"

எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

"சீட் காலியா இருந்தாக்கூடவா?"

மோனிஷாதான் பதில் சொன்னாள். "காலியா இருந்தாலும் உக்கார மாட்டோம் மிஸ். காசு குடுத்து ஏறுறவங்க வந்தா எழுப்பி வுட்டுடுவாங்க. அவங்க எழுப்பறதுக்கு மின்னாடி நாமளே நின்னுக்கினா அசிங்கம் இல்ல பாருங்க."

திரும்பத் திரும்ப அடிபட்டவர்கள், கதவு திறந்திருந்தாலும் வெளியே போக முயல மாட்டார்கள் என்று உளவியல் வகுப்பில் படித்திருக்கிறேன். 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அர்த்தம் தெரிந்ததும் வந்தது இரக்கம் அல்ல, கோபம். பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண் தன் அவமானத்தைத் தானே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்கிறாள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நம்புகிறாள்.

"உங்க வீட்ல சோப்பு வாங்குறீங்களா?" என்று கேட்டேன்.

சிரிப்புக்கு நடுவில், "வாங்காம?" என்றார்கள்.

"போன் ரீசார்ஜ்? பிஸ்கட்? செருப்பு?"

ஒவ்வொன்றிலும் வரி இருக்கிறது என்றேன். கடைக்காரர் வாங்கிக்கொள்ளும் தொகைக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவர் பணக்காரரா கூலிக்காரரா என்று அந்த வரி பார்ப்பதில்லை என்றேன். மறைமுக வரி என்ற தலைப்பை நான் அதற்கு முன்னும் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு நடத்தியதுபோல் நடத்தியதில்லை. மோனிஷா பெஞ்சின் விளிம்பில் விரலால் எதையோ கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பன்னா, டிக்கெட்ட நாங்க மின்னாடியே எடுத்துட்டோம். அப்படித்தான மிஸ்?"

"அப்படித்தான்" என்றேன்.

எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக அதை எழுதியவர்கள் கிடையாது.

கொஞ்ச நாள் கழித்து மோனிஷா வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளோடு வரும் பெண்களைக் கேட்டேன். அவர்கள் ஏறும் காலனி ஸ்டாப்பில் பஸ் நிற்பதில்லையாம். வேகத்தைக் குறைப்பதுபோல் குறைத்து, தள்ளிப் போய் ஒரு நொடி நிற்குமாம். பிள்ளைகள் பையோடு ஓட வேண்டும். முதலில் ஓடுபவர்கள் ஏறுவார்கள், மற்றவர்கள் நடப்பார்கள். அன்று மோனிஷா படியில் கால் வைத்தபோது பஸ் கிளம்பிவிட்டது. விழுந்ததில் வலது கை உடைந்துவிட்டது.

"அவங்க நைனா ஸ்கூல வுட்டு நிறுத்திட்டாரு மிஸ். கை சரியானதும் செருப்புக் கம்பெனிக்கு அனுப்பப் போறாராம்."

அந்த வார விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போகலாம் என்று அதே பஸ்ஸில் ஏறினேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே கூட்டம். என் முன்னால் கீரைக்கூடையோடு ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் அவரைத் தட்டினார். "ஏய் கெழவி, எழுந்துரு. டீச்சரு நின்னுக்கினு வர்றாங்க, கண்ணு தெரியல?" அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார், ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல்.

"உக்காருங்க டீச்சர்" என்று கண்டக்டர் என் கையில் டிக்கெட்டைக் கொடுத்தார். பெண்களுக்கான கட்டணமில்லா டிக்கெட். அந்த அம்மாவிடம் இருந்ததும் அதே டிக்கெட்தான். மாதச் சம்பளம் வாங்கும் என் டிக்கெட் கண்டக்டருக்கு மரியாதையாகத் தெரிந்தது. கீரை விற்றுவிட்டுத் திரும்பும் அம்மாவின் டிக்கெட் ஓசியாகத் தெரிந்தது. அப்படியானால் ஓசி என்ற சொல்லுக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லை. யாரைத் திட்டலாம், யாரைத் திட்டக் கூடாது என்பதற்குத்தான் அந்தச் சொல் இருக்கிறது.

"அந்த அம்மா டிக்கெட்டும் என் டிக்கெட்டும் ஒண்ணுதானப்பா. அவங்க உக்காரட்டும்" என்றேன். பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னை ஏதோ தொந்தரவு பண்ண வந்தவளைப்போல் பார்த்தார். கடைசியில் அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஊர் வரைக்கும் அது காலியாகவே வந்தது.

கல்லும் கடலை வயலுமாக வந்த சாலையில் காலனி ஸ்டாப் கடந்து போனது. "இறங்கணும்" என்று கத்தினேன். பஸ் ஊர் ஸ்டாப்பில் போய்த்தான் நின்றது.

"ஏம்பா, அங்க நிறுத்தக் கூடாதா?" என்று இறங்கும்போது கேட்டேன்.

கண்டக்டர் மழுப்பவில்லை. "அங்க நின்னா ஒரு கூட்டமே ஏறும் டீச்சர். ஒத்த டிக்கெட் வுழாது. கலெக்‌ஷன் இருந்தாதான் எங்களுக்கு பேட்டா. டைமுக்கும் போயாவணும், இல்லன்னா டிரைவர் அண்ணன புடிப்பாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மோனிஷாவின் நைனா, அதாவது அப்பா, கொத்து வேலை செய்பவர். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். மோனிஷா கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். படிப்பு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. படிப்பு முக்கியம் இல்லையென்று அங்கே யார் சொன்னார்கள்?

"கம்பெனி வேன் இன்னா பண்ணுது தெரிமா டீச்சர்?" என்றார் அவர். "இந்தத் தெருக்கோடியில வந்து நிக்குது. ஹாரன் அடிக்குது. பொண்ணுங்க ஏறி உக்கார்ற வரைக்கும் வெயிட் பண்ணுது. கவர்மெண்டு பஸ்ஸு நிக்க மாட்டேங்குது. எம் பொண்ண எதுல ஏத்தட்டும், நீங்களே சொல்லுங்க."

பொருளியலில் எம்.ஏ. படித்தவள் நான். பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்ணுக்கு இந்த நாட்டில் ஒரு பஸ் நிற்காது. செருப்புத் தைக்கப் போகும் பெண்ணுக்கு வேன் வாசலில் வந்து காத்திருக்கும். யாருக்கு யார் தேவை என்பது அதில் தெரிகிறது அல்லவா?

"கை கூடுற வரைக்கும் அனுப்பாதீங்க. அதுக்குள்ள நான் போய்ப் பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"பேசுங்க" என்றார். நம்பிக்கை இல்லாதவர் மரியாதைக்காகச் சொல்வாரே, அப்படி.

தலைமை ஆசிரியரிடம் போனேன். கெட்டவர் இல்லை, பயந்தவர். "மேடம், நீங்க கவர்மெண்ட் சர்வன்ட். அவங்களும் கவர்மெண்ட். கவர்மெண்ட் மேல கவர்மெண்ட்டே புகார் குடுக்குமா? மெமோ வந்தா நான் காப்பாத்த முடியாது." அவரைத் தாண்டித்தான் டிப்போவுக்குப் போனேன். எந்த டிப்போ என்பது உங்களுக்குத் தேவையில்லை.

கிளை மேலாளர் டீ வரவழைத்தார். நன்றாகப் பேசினார். அந்த நயமான பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே கொதித்தது. "காலனி ஸ்டாப்புன்னு எங்க லிஸ்ட்லயே கிடையாது மேடம். எல்லாம் இலவசம்னு ஆயிடுச்சு, கூட்டம் தாங்கல. பயனாளிங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"பயனாளிங்கன்னா யார் சார்?"

"அதான், ஓசியில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த டிப்போ ஊழியர் ஒருவர் சிரித்தார். நான் டீயைத் தள்ளி வைத்தேன். "ஒரு புள்ளைக்கு கை ஒடைஞ்சிருக்குது" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மேலாளர் உடனே இறங்கி வந்தார். "கோவப்படாதீங்க மேடம். அந்தக் கண்டக்டர் யாருன்னு தெரியும். இப்பவே எழுதிக் குடுங்க, சஸ்பெண்ட் பண்ணிடறேன்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கோபமாகப் போகிறவர்களுக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் தருவது ஒரு ஆளைத்தான். இந்தா, இவனை எடுத்துக்கொள், திருப்தியாகப் போ. நானும் ஒரு கணம் மயங்கினேன். கீரைக்கார அம்மாவைத் தட்டி எழுப்பிய அந்தக் கை என் கண் முன்னால் நின்றது. அவர் வேலை போகட்டும் என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

"அவர மாத்திட்டா அடுத்து வர்ற கண்டக்டர் அங்க நிறுத்துவாரா சார்?" என்று கேட்டேன்.

அவர் டீ கிளாஸை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"டிக்கெட் வுழுந்தாதான் பேட்டான்னு வெச்சிருக்கீங்க. டிக்கெட் வுழாத ஸ்டாப்புல எவன் நிறுத்துவான்? வெச்சது நீங்க, சஸ்பெண்ட் ஆவறது அவரா? எனக்கு அவரு வேணாம். எனக்கு ஸ்டாப்பு வேணும். உங்க லிஸ்ட்ல ஏத்துங்க, போர்டு நடுங்க, நிக்காத பஸ்ஸுக்குக் கேள்வி கேளுங்க."

மேலே எழுதிக் கேட்க வேண்டும் என்றார். எப்போது பதில் வரும் என்றேன். அது தெரியாது என்றார். ஊக்கத்தொகை என்ற பாடத்தை நீங்கள் நடத்தும்போது தொழிற்சாலையை உதாரணம் காட்டாதீர்கள். உங்கள் ஊர் பஸ்ஸைக் காட்டுங்கள்.

வகுப்புக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிள்ளைகள் கேட்டார்கள், நான் மறைக்கவில்லை. "லிஸ்ட்லயே இல்லியா மிஸ்?" என்று ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்டாள். மறியல் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்கள் என்னிடம் கேட்கவும் இல்லை.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். ஒரு காலையில் காலனி ஸ்டாப்பில் பெண்பிள்ளைகள் தார்ச்சாலையில் இறங்கி வரிசையாக நின்றிருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களும் கூட நின்றார்கள். மோனிஷா பள்ளிக்கு வருவதாக இல்லை, கையில் கட்டு. ஆனாலும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நடுவில் நின்றாளாம். பஸ் வேறு வழியில்லாமல் நின்றது.

கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார். "ஓசியில போறதுக்கு இவ்ளோ திமிரா உங்களுக்கு?"

"ஓசின்னு சொல்லாத ணா" என்றாளாம் மோனிஷா. "டிக்கெட்ட நாங்க மின்னாடியே எடுத்துட்டோம். சோப்புல எடுத்தோம், ரீசார்ஜுல எடுத்தோம். எங்க நைனா சிமெண்ட் மூட்டையில கூட எடுத்துருக்காரு. எங்க மிஸ்ஸக் கேளு."

என்னைக் கேட்கத்தான் வந்தார்கள். அன்று மதியத்துக்குள் தலைமை ஆசிரியர் அறையில் சப் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளை மேலாளர். மோனிஷாவையும் அவள் நைனாவையும் கூட்டி வந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். என்னோடு வருஷக்கணக்காகச் சாப்பாட்டைப் பகிர்ந்தவர்கள் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். சமூக அறிவியல் நடத்துகிறவர்களும் அதில் இருந்தார்கள். அடிப்படை உரிமைகளைக் கேட்டால் வரிசை மாறாமல் சொல்வார்கள். ஓய்வு பெறப்போகும் ஒருவர் மட்டும் வாசலில் வந்து காதோடு சொன்னார். "புத்தகத்துல இருக்கறதத்தான் நடத்துனேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடும்மா. அந்தப் பொண்ணு கொழந்த, அதுக்கு ஒண்ணும் ஆவாது." எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் வெளியே வந்திருப்பேன். அவள் மட்டும் உள்ளே இருந்திருப்பாள்.

"நீங்கதான் தூண்டி விட்டீங்களாமே?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"வரி யார் கட்டறாங்கன்னு சொல்லிக் குடுத்தது நான்தான் சார். அது புத்தகத்துல இருக்குது. ஆனா புத்தகத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்க மாட்டேன். ரோட்டுல நிக்கச் சொல்லி நான் சொல்லல. நின்னது தப்புன்னும் சொல்ல மாட்டேன்."

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலாளர் ஒரு வழி வைத்திருந்தார். கேஸ் எல்லாம் வேண்டாம், படிக்கிற பெண். ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக மேஜையில் இருந்தன. எல்லாருக்கும் முகம் தெளிந்துவிட்டது. தலைமை ஆசிரியர், "போட்டுடும்மா, போட்டுட்டு கிளாஸுக்குப் போ" என்றார். மோனிஷா என்னைப் பார்த்தாள்.

வேலை வாழ்க்கையில் இப்படிப்பட்ட பார்வை உங்கள் மேல் ஒரு தடவையாவது விழும். வேண்டாம் என்று நான் சொன்னால், கேஸ் வந்தால், சுமக்கப்போவது அவள். போடு என்று சொன்னால் அந்த வகுப்பில் நான் பேசியது எல்லாம் பொய். யோசிக்க அவகாசம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது, அதுதான் அப்போது எனக்கு உதவியது.

"என்னன்னு எழுதணும் சார்?" என்று மேலாளரைக் கேட்டேன். "பஸ் ஸ்டாப்புல பஸ்ஸ நிறுத்திட்டோம், மன்னிச்சிக்குங்கன்னா?"

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். மேலாளர் எரிச்சலோடு மோனிஷாவின் நைனாவிடம் திரும்பினார். "நீ சொல்லுய்யா உம் பொண்ணுகிட்ட. கையெழுத்துப் போடச் சொல்லு."

அவரைச் சுண்ணாம்பு ஒட்டின சட்டையோடு, வேலையிலிருந்து அப்படியே சைக்கிளும் கையுமாக இழுத்து வந்திருந்தார்கள். உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்தக் கையால சார் போடும்?" என்றார். "சோத்துக் கைதான் உங்க பஸ்ஸுல ஒடஞ்சி கெடக்குதே."

ஒரு அடி முன்னால் வந்து தாளை மேலாளர் பக்கம் தள்ளினார்.

"எம் பொண்ணு கையெழுத்துப் போடாது. கை சரியான பெறகும் போடாது. நாளைக்கு இஸ்கூலுக்கு வரும். பஸ்ஸு நிக்கலன்னா நான் போய் ரோட்டுல நிப்பேன். என் மேல கேஸு போட்டுக்குங்க."

சப் இன்ஸ்பெக்டர்தான் முதலில் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு மேலாளரிடம், "சார், மொதல்ல அந்தப் போர்ட நடுங்க. தினமும் இதுக்கு என்னால வர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம் என்பதால் சொன்னாரா, வேலை மிச்சம் என்பதால் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போர்டு வந்தது. பட்டியலிலும் ஏற்றினார்கள். பஸ் நிற்கிறது, கூட்டம் அதிகமானால் சில நாள் இன்னமும் தள்ளிப் போய்த்தான் நிற்கிறதாம், ஆனாலும் நிற்கிறது. மோனிஷா கை கூடி வந்து பன்னிரண்டாவது முடித்தாள். சுமாரான மதிப்பெண்தான். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கண்டக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டா முறையும் மாறவில்லை. எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். கல்வி ஆண்டு முடிந்ததும் 'நிர்வாகக் காரணம்' என்று போட்டு மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றேன். எனக்காக யாரும் வாய் திறக்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நான் முயலவில்லை.

நீங்கள் நாளைக்கு வகுப்புக்குப் போவீர்கள். குடிமகன் என்றால் யார் என்று நடத்துவீர்கள். இலக்கணமாக நடத்தினால் பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், உங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காது. உண்மையாக நடத்தினால் யாராவது ஒரு பிள்ளை அதை நம்பிவிடும். நம்பின பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் குனிந்து உட்காரப்போகிறவர்கள், தயவுசெய்து வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மோனிஷாவின் நைனா பள்ளி வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். என்னைக் காப்பாற்றியவர் என்று எனக்கு நெகிழ்ச்சி.

"ரொம்ப நன்றிங்க. நீங்க பேசலன்னா..."

"தேங்க்ஸ்லாம் சொல்லாதீங்க டீச்சர்." அவர் முகம் அறைக்குள் இருந்ததைவிட இறுகியிருந்தது. "எனக்கு உங்க மேலயும் கோவம்தான். இந்த இஸ்கூல்லதான் நானும் படிச்சேன். அதே ஸ்டாப்புலதான் நானும் நின்னேன், எட்டாவது வரைக்கும். அப்பவும் பஸ்ஸு நிக்கல. லேட்டா வந்தேன்னு வெளிய முட்டி போட வெச்சாங்க. ஏன்டா லேட்டுன்னு ஒரு வாத்தியாரும் கேக்கல டீச்சர்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.